மலைப்பாதைக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள் எது?

இப்பகுதியில் நாம் இதுகாறும் வாடகை வீடு, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்குச் செல்ல ரயில் முன்பதிவு முதலிய குடும்ப விஷயங்களையே எழுதி வந்திருக்கிறோம். இம்மாதம் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம்; தாய்மார்கள் சிலருக்குச் சினமும் உண்டாக்கலாம். ஆயினும் இதுவும் ஒரு குடும்ப விஷயமே என்பதை இறுதிவரை படிப்போர் உணர்வர்.

சென்ற துர்கா பூஜை விடுமுறை கழிந்த சில நாட்களில், லேக் மார்க்கெட் பக்கத்தில் வாழும் அன்பர் ஒருவர் தம் மனைவியோடும் மகனோடும் நம் இல்லத்திற்கு வந்தார். உத்தியோகத்தின் பொருட்டுத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகருக்கு அவர் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் பணி செய்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக்கொண்டு மலைப்பாதையில் செல்லத்தக்க பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி, டார்ஜிலிங் மாவட்டத்துச் சந்தக்பூ சிகரம்வரை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அவன் ஆசை. தகப்பனார் கூடாது என்கிறார். இரண்டு மாதங்களாகத் தகப்பனும் மகனும் முகங்கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

“நீங்களே அவனுக்குப் புத்தி சொல்லுங்கள், அண்ணா” என்றார் அன்பர்.

“எனக்கு வேகத்தில் ஆசை இல்லை, மாமா. மலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்” என்றான் மகன்.

அந்த அம்மையார் மட்டும் வெகுநேரம் பேசாதிருந்தார். இறுதியில், “வாங்குவதுதான் என்று ஆகிவிட்டால், விழாத வண்டியாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்” என்றார்.

விழாத வண்டி என்று ஒன்று உலகில் இல்லை. இரண்டு சக்கரங்களின்மேல் நிற்கும் எதுவும் ஒரு நாள் சாயத்தான் செய்யும். கல்லும் சேறும் நிறைந்த பாதையில் அடிக்கடி சாயும். ஆனால் அந்தத் தாயின் சொல்லைச் சிறிது திருத்திக்கொண்டால், இவ்விஷயத்தில் அதைவிடச் சிறந்த இலக்கணம் வேறில்லை. விழுந்தால் தானே தூக்கி நிறுத்தக்கூடிய வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். இக்கட்டுரையில் நாம் சொல்லப்போவதெல்லாம் இவ்வொரு வாக்கியத்தின் விரிவுரையே.

தகப்பனாரின் அச்சமும் காரணமற்றதன்று. நாம் அறிந்த மற்றொரு குடும்பத்து இளைஞன் சில ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள வண்டியைத் தவணையில் வாங்கி, மூன்றாம் மாதமே மலைக்குச் சென்றான். அவன் வேகமாக ஓட்டி விழவில்லை. சரிவான ஒரு திருப்பத்தில் எதிரே வந்த ஜீப்பிற்கு வழிவிடுவதற்காக வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினான். ஊன்றிய பக்கம் தரை பள்ளமாக இருந்தது, கால் எட்டவில்லை. வண்டி அவன்மேல் சாய்ந்து கணுக்கால் எலும்பை முறித்தது. ஜீப்பில் வந்தவர்கள் வண்டியை அகற்றி அவனை வெளியே எடுத்தார்கள். ஓடிய வண்டி அவனுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. நின்ற வண்டியே வீழ்த்திற்று. ஆறு மாதங்கள் படுக்கையிலும் ஊன்றுகோலிலும் கழிந்தன. வண்டி விற்கப்பட்ட பின்னரும் தவணை எஞ்சி நின்றது.

எண்டூரோ என்பது யாது?

கடையில் ‘எண்டூரோ’ என்றும் ‘அட்வெஞ்சர்’ என்றும் பல பெயர்கள் காதில் விழும். இவற்றின் பொருளை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஆறு நாள் சோதனை ஒன்று தொடங்கிற்று. 1981 முதல் அதற்கு எண்டூரோ என்னும் பெயர் வழங்குகிறது. அதில் மிகுந்த வேகம் மட்டும் போதாது. காடு, மலை, சேறு ஆகிய எல்லாவற்றையும் குறித்த நேரத்திற்குள் கடக்க வேண்டும். பழுது நேர்ந்தால் ஓட்டுகிறவனே தன் கையால் சீர்செய்துகொள்ள வேண்டும். தாங்கும் ஆற்றலே அதன் உயிர். வண்டி தாங்க வேண்டும். வண்டியை ஓட்டுகிறவனும் தாங்க வேண்டும்.

நம் நாட்டுக் கடைகளில் காணப்படுபவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, போட்டிக்கென்றே செய்யப்பட்டவை. எடை 110 கிலோ அளவில்தான் இருக்கும்; ஆனால் இருக்கையோ தரையிலிருந்து ஏறத்தாழ 950 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். எஞ்சின் எண்ணெயைக் கிலோமீட்டர்க் கணக்கில் அன்றி, ஓடிய மணிக்கணக்கில் மாற்ற வேண்டும். இவற்றுள் பதிவு எண் பெற இயலாதவற்றைப் பொதுச்சாலையில் ஓட்டுதல் சட்டப்படி குற்றம். லாரியில் ஏற்றித் தனியிடத்திற்குக் கொண்டுசென்று ஓட்ட வசதியுள்ளோர்க்கே இவை பொருந்தும்.

இரண்டாம் வகை, நகரத் தெருவிலும் காட்டுப்பாதையிலும் செல்லத்தக்க இலகுவான வண்டிகள். ஹீரோ கம்பெனியார் 2011-இல் இம்பல்ஸ் என்னும் 150 சி.சி. வண்டியை வெளியிட்டனர்; அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. பின்னர் 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. 2021-இல் அதே வண்டி நான்கு வால்வு எஞ்சினோடு வந்தது. எடை 155 முதல் 160 கிலோ. இருக்கை உயரம் ஏறத்தாழ 825 மில்லிமீட்டர். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்திற்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர். கவாஸாக்கி கம்பெனியின் கே.எல்.எக்ஸ். 230 நம் நாட்டிற்கு 2024 டிசம்பரில் வந்தது. அதன் எடை 139 கிலோதான். ஆனால் இருக்கை 880 மில்லிமீட்டர்.

மூன்றாம் வகை, நெடும் பயணத்திற்கான கனமான வண்டிகள். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 2016-இல் 411 சி.சி. எஞ்சினோடு வந்தது, பின்னாளில் அதன் எடை 199 கிலோவாயிற்று. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450, 452 சி.சி. கொண்டது, 40 குதிரைத்திறன், 196 கிலோ. இருக்கையை 825-லிருந்து 845 மில்லிமீட்டர்வரை மாற்றியமைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றாம் வகையைப் பற்றி நம்மவர்க்கு ஒரு தனி அபிமானம் உண்டு. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்து என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவினர். திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இன்றும் அவ்வண்டிகள் சென்னைக்கு அருகிலேயே உருவாகின்றன. “நம் ஊர் வண்டி, மாமா” என்று அந்த இளைஞனும் சொன்னான். நமக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் பற்று வேறு, பொருத்தம் வேறு. சொந்த ஊர்ச் செருப்பு என்பதற்காகக் காலுக்குப் பெரியதை எவரும் மாட்டிக்கொள்வதில்லை.

தூரக் கணக்கு

எந்த வகை வேண்டும் என்று தீர்மானிக்கும் முன் ஒரு காகிதத்தை எடுத்து, எங்கெங்கு ஓட்டப்போகிறோம் என்பதை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். ஆசையை எழுதலாகாது, வழக்கத்தை எழுத வேண்டும். அந்த இளைஞனை அவ்வாறே எழுதச் சொன்னோம்.

கல்கத்தாவிலிருந்து சிலிகுரிக்குச் சாலைவழி ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சிலிகுரியிலிருந்து மானேபஞ்சன் ஏறத்தாழ 80. அங்கிருந்து சந்தக்பூ சுமார் 32. போகவரச் சேர்த்தால் 1,424 கிலோமீட்டர். இதில் உண்மையான கரடுமுரடான பாதை 64 கிலோமீட்டர் மட்டுமே. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. எஞ்சியது முழுவதும் தார்ச்சாலை. அன்றாட வாழ்க்கையோ ராஷ்பிகாரி அவென்யூவிலிருந்து சால்ட் லேக் வரை, பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் ஆட்டோவிற்கும் இடையில்.

கணக்கைக் கண்டதும் அவன், “அப்படியானால் நெடுஞ்சாலைக்கு ஏற்ற பெரிய வண்டியே சரி என்று ஆகிறதே, மாமா” என்றான். கேள்வி நியாயமானதே. தார்ச்சாலையில் நாள் முழுவதும் செல்வதற்குக் கனமான வண்டியே சௌகரியம். காற்று தள்ளாது, எஞ்சின் திணறாது, பெட்ரோல் தொட்டியும் பெரிது. ஆனால் அந்த 1,360 கிலோமீட்டரில் கஷ்டம் உடல் சோர்வோடு போகும். இந்த 64 கிலோமீட்டரிலோ கஷ்டம் எலும்போடு விளையாடும். எந்த இடத்தில் தவறு செய்தால் இழப்புப் பெரிதோ, அந்த இடத்திற்கேற்ப வண்டியைத் தேர்ந்துகொண்டு, மற்ற இடத்திற்கு வேறு உபாயம் தேடுவதே விவேகம். அந்த உபாயத்தைப் பின்னர்ச் சொல்கிறோம்.

மண்ணின் குணம்

வங்காளத்தில் மூன்று விதமான மண்ணை ஓட்டுகிறவன் சந்திப்பான். கல்கத்தாவைச் சூழ்ந்த கங்கைச் சமவெளியில் இருப்பது ‘எண்டேல் மாட்டி’ என்று வங்காளிகள் கூறும் பசைக்களிமண். மழை பெய்தால் நம் கோவில்பட்டிக் கரிசலைப் போலச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே இறுகி, சக்கரத்தையே சுழல விடாது. அங்கே எடை குறைந்த வண்டியும், டயருக்கு மேல் நல்ல இடைவெளியும் வேண்டும்.

மேற்கே புருலியா, பாங்குரா பக்கம் சென்றால் செம்மண்ணும் சரளையும். அயோத்தியா மலைப் பாதைகள் இவ்வகையின. காய்ந்த சரளையில் முன்சக்கரம் உருளைக் கடலைமேல் வைத்த கால்போல் நழுவும். இங்கே திடீரென்று முன் பிரேக்கை அழுத்தாத பழக்கம்தான் காக்கும்.

வடக்கே மலையடிவாரத்தில் ஆற்றுக் கூழாங்கற்கள். மலையேறினால் உருளைக்கற்கள் பதித்த பாதை. மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ செல்லும் வழியில் சில இடங்களில் சிமெண்டுத் தளம் உண்டு. ஏனைய இடங்களில் கற்களே. பழைய லாண்ட் ரோவர் வண்டிகள் அப்பாதையில் பல்லாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிச் செல்வதே அதன் குணத்தைச் சொல்லும். கல்மேல் ஏறியிறங்குவதற்கு 21 அங்குல முன்சக்கரம் பெரிய உதவி. சிறிய சக்கரம் பள்ளத்தில் விழுந்து முட்டிக்கொள்ளும் இடத்தில் பெரிய சக்கரம் உருண்டு மேலேறிவிடும். எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் இரண்டிலும் முன்சக்கரம் 21 அங்குலமே. முரட்டுத் தோற்றத்திற்காக மட்டும் அலங்கரித்து, 17 அங்குலச் சக்கரத்தோடும் தாழ்ந்த சைலென்சரோடும் விற்கப்படும் வண்டிகளும் உண்டு. ஸ்டிக்கரைப் பாராமல் சக்கரத்தையும் அடிவயிற்றையும் பார்க்க வேண்டும்.

உயரமும் எடையும்

இருக்கையின் உயரத்தைக் காகிதத்தில் படித்தால் போதாது. மலைக்குப் போடும் பூட்ஸையே அணிந்து சென்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் அமர்ந்ததும் ஷாக் அப்சார்பர் சிறிது அமுங்கும். அகலமான இருக்கை கால்களை விரித்து உயரத்தைக் கூட்டும். இரு பாதங்களும் முழுவதும் தரையில் படிய வேண்டும் என்பதில்லை. இரு பக்கமும் பாதத்தின் முன்பகுதி உறுதியாக ஊன்ற வேண்டும். அல்லது இருக்கையில் சிறிது நகர்ந்து ஒரு பாதத்தை முழுமையாக ஊன்ற முடிய வேண்டும். கடையின் சமதரையில் எட்டுகிற கால் மலைச்சரிவில் எட்டாது என்பதை முன்சொன்ன இளைஞனின் கணுக்கால் நமக்குக் கற்பித்திருக்கிறது.

இனி எடை. வாசகர்களே, மோட்டார் சைக்கிள் வாங்குவோர் ஓட்டிப் பார்க்கிறார்கள். தூக்கிப் பார்ப்போர் மிகச் சிலர். நாம் அந்த இளைஞனுக்கு அச்சோதனையையே வைத்தோம். சங்கத்து நண்பர் ஒருவரிடம் பழைய ஹிமாலயன் இருந்தது. மற்றொருவரிடம் எக்ஸ்பல்ஸ் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் நண்பரின் வீட்டு முற்றத்திற்குக் கொணர்ந்து, கோணிப்பைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தோம். தகப்பனாரும் வந்திருந்தார்.

முதலில் ஹிமாலயன். இளைஞன் குனிந்து, கைப்பிடியைப் பற்றி, முதுகின் பலத்தால் இழுத்தான். வண்டி அசையவில்லை. பிறகு முறையைச் சொல்லிக்கொடுத்தோம். எஞ்சினை நிறுத்த வேண்டும். வண்டி வலப்புறம் விழுந்திருந்தால் முதலில் பக்க ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும்; இல்லையேல் தூக்கிய வேகத்தில் மறுபுறம் சாயும். கியரில் இருந்தால் உருளாது. பின்பு வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை இருக்கையில் பொருத்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்புறச் சட்டத்தையும் பற்றி, முதுகை நிமிர்த்தி, கால்களால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். அவ்வாறு செய்ததும் வண்டி எழுந்தது. இரண்டாம் முறை எழுந்தது. ஆனால் அவன் முகம் சிவந்துவிட்டது. மூன்றாம் முறை பாதியில் நின்றது. நாமும் தகப்பனாருமாகக் கைகொடுத்தோம்.

சிறிது ஓய்வுக்குப் பின் எக்ஸ்பல்ஸ். ஐந்து முறை படுக்க வைத்தோம். ஐந்து முறையும் தானே நிமிர்த்தினான். இருபது அங்குலப் பலகை ஒன்றும் சொல்லித்தராத பாடத்தை அந்த 40 கிலோ வேற்றுமை சொல்லிக்கொடுத்தது. கல்கத்தா முற்றத்தில், கோணிப்பையின்மேல், வயிறார இட்லி உண்ட பின்னர் மூன்றாம் முறை தூக்க இயலாத வண்டியை, 3,000 மீட்டர் உயரத்தில், குளிரில், மூச்சு வாங்கும் நிலையில் எவ்வாறு தூக்குவது? அவன் ஒன்றும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் இரண்டு வண்டிகளையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதனால் கனமான வண்டி எவர்க்கும் ஆகாது என்று நாம் சொல்லவில்லை. உடல் வலிமையும் பல்லாண்டுப் பழக்கமும் உள்ளவர், துணையோடு செல்பவர், பெரும்பாலும் நெடுஞ்சாலையில் மனைவியையும் சாமான்களையும் ஏற்றிச் செல்பவர் ஆகியோருக்கு அதுவே சிறந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதே நம் கொள்கை.

எஞ்சினும் டயரும்

“இந்தச் சின்ன எஞ்சின் மலையேறுமா?” என்று தகப்பனாரே கேட்டார். அக்கேள்வி நமக்கு மகிழ்ச்சி அளித்தது. ‘கூடாது’ என்பதிலிருந்து ‘முடியுமா’ என்பதற்கு அவர் வந்துவிட்டார் அல்லவா?

சந்தக்பூவின் உயரம் 3,636 மீட்டர்; மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடம் அதுவே. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சினுக்கும் மூச்சுத் திணறும். இங்கே 24 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அங்கே 16 அளவில்தான் தரும். 18 தருவது 12 தரும். பெட்ரோலை அளந்து செலுத்தும் இன்ஜெக்‌ஷன் முறை கலவையைத் திருத்திக்கொள்ளுமே தவிர, இல்லாத காற்றை உண்டாக்காது. ஆனால் வண்டியின் எடையையும் ஓட்டுகிறவன் எடையையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால், பழைய ஹிமாலயனுக்கும் எக்ஸ்பல்ஸுக்கும் உள்ள வேற்றுமை சிறிதே. செங்குத்தான இடத்தில் முதல் கியரில் மெல்ல ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கும். அத்தகைய பாதையில் ஊர்ந்து செல்வதே முறையும் ஆகும்.

டயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆழ்ந்த கட்டைகள் உள்ள முரட்டு டயர் சேற்றில் நன்றாகப் பற்றும். மழையில் நனைந்த தார்ச்சாலையிலோ வழுக்கும். நம் நகரில் டிராம் வண்டிகள் பெரும்பாலும் நின்றுவிட்டபோதிலும் சில தெருக்களில் தண்டவாளம் இன்னும் கிடக்கிறது. அதைச் சாய்வாகக் கடந்தால் எந்த டயரும் வழுக்கும். நேர்க்குறுக்காகவே கடக்க வேண்டும். ஆண்டில் சில நாட்களே மண்பாதையில் செல்வோர்க்கு, இரண்டிற்கும் பொதுவான டயரே போதும்.

பணமும் சட்டமும்

விலை பேசும்போது வண்டியின் விலையை மட்டும் எண்ணலாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்குச் சரக்கு-சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றிற்கு 40 விழுக்காடாக உயர்ந்தது. இதனால் இரு வகைகளுக்கும் இடையே விலை வேற்றுமை முன்னினும் பெருகிற்று. அவ்வாறு மிச்சமாகும் பணத்தை மேனியைக் காக்கும் பொருள்களில் செலவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம், கணுக்காலை மூடும் உறுதியான பூட்ஸ், முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு, கையுறை ஆகிய இவை வண்டியின் விலையிலேயே சேர்ந்தவை என்று கருத வேண்டும். இவற்றை வாங்கப் பணமில்லையேல், வண்டி வாங்கவும் பணமில்லை என்றே பொருள்.

பழைய வண்டி வாங்குவோர் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினைக் காக்கும் தகட்டில் ஆழ்ந்த நசுங்கல், முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, சக்கரத்தில் தளர்ந்த கம்பிகள், கைப்பிடியைத் திருப்பும்போது நடுவில் சிக்குதல் ஆகியவை அவ்வண்டி பட்ட அடிகளைச் சொல்லும். மல்லிக் பஜாரில் கிடைக்காத உதிரிப்பாகம் இல்லை என்பார்கள். ஆனால் எங்கிருந்து கழற்றி வந்தது என்று தெரியாத பிரேக் சாமான்களை அங்கே வாங்குவது உகந்ததன்று. கிளட்ச் கேபிள், லீவர், ட்யூப், காற்றடிக்கும் சிறு பம்பு ஆகியவற்றைக் கையோடு வைத்திருப்பதும், ட்யூப் மாற்றத் தானே கற்பதும் அவசியம். சைலென்சரை மாற்றிப் பேரொலி எழுப்புவது சட்டத்திற்கும் புறம்பு, அயலார்க்கும் துன்பம்.

ரயில் என்னும் உபாயம்

முன்னர்ச் சொல்வதாகக் கூறிய உபாயம் இதுதான். நம்மில் பலர் ஊர் மாற்றலாகும்போது மோட்டார் சைக்கிளை ஹௌரா பார்சல் ஆபீசில் ஒப்படைத்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறோம். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, கோணியால் நன்றாகச் சுற்றி, பதிவுப் புத்தகத்தின் நகலைக் கொடுத்து, முகவரி எழுதிய அட்டையைக் கட்டி அனுப்புகிறோம் அல்லவா? அதே முறையில் சியால்டாவிலிருந்து நியூ ஜல்பைகுரிக்கும் அனுப்பலாம். அப்போது 1,200 கிலோமீட்டர் நெடுஞ்சாலை கணக்கிலிருந்தே நீங்குகிறது. லாரிகளிடையே இரவுப்பயணம் என்னும் ஆபத்தும் நீங்குகிறது. இலகுவான வண்டிக்குச் சொல்லப்படும் ஒரே பெருங்குறையும் அத்துடன் தீர்கிறது. சொந்த வண்டியே வேண்டாம் என்போர் சிலிகுரியில் வாடகைக்கு எடுத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்த பின் முடிவு செய்யலாம்.

மலைக்குச் செல்லுமுன் நகரத்தில் ஆறு மாதமாவது அதே வண்டியில் பழக வேண்டும். மிதிகட்டைமேல் நின்றுகொண்டு ஓட்டுதல், இறக்கத்தில் எஞ்சின் பலத்தால் வேகத்தை அடக்குதல் ஆகியவற்றை ஒரு திறந்த மைதானத்தில் பயில வேண்டும். சிங்கலீலா தேசியப் பூங்கா மழைக்காலத்தில் மூடப்படும். தனியார் வண்டிகளுக்கான அனுமதியை மானேபஞ்சனில் முன்னரே விசாரித்துக்கொள்ளல் வேண்டும். தனியே செல்லலாகாது. 2015-இல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் சி. எஸ். சந்தோஷ். அத்தகைய வல்லவரே 2021-இல் அதே பந்தயத்தில் சவூதி அரேபியாவில் வீழ்ந்து நெடுநாள் மருத்துவமனையில் இருந்து மீண்டார். கற்றவர்க்கே இவ்வாறெனில் மற்றவர் எவ்வளவு அடக்கத்தோடு இருத்தல் வேண்டும்!

அந்த இளைஞன் கார்த்திகை மாதத்தில் இலகுவான வண்டியையே கடன் இன்றி வாங்கினான். மாசி கழிந்து பங்குனியில் மலைக்குச் சென்றான். கூட இரு நண்பர்கள், அவர்களோடு தகப்பனாரும்! “நான் தடுக்கவில்லை, ஆனால் நானும் வருவேன்” என்று சொல்லி, லாண்ட் ரோவரில் ஏறி மகன் பின்னாலேயே சென்றிருக்கிறார். உச்சியில் மறுநாள் விடியலில் தகப்பனும் மகனும் அருகருகே நின்று காஞ்சன்ஜங்காவைக் கண்டார்களாம். இரண்டு மாதம் பேசாதிருந்தவர்கள் அங்கேயும் பேசவில்லை. ஆனால் அது வேறு விதமான மௌனம் என்றார் அன்பர். திரும்பி வந்தபின் இடுப்பு வலியால் ஒரு வாரம் படுத்தவர் அவரே, மகனல்லன்.

சென்ற வாரம் அவர்கள் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அந்த அம்மையார் நமக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே மகனைக் கேட்டார்: “உண்மையைச் சொல். எத்தனை முறை விழுந்தாய்?”

“இரண்டு முறை, அம்மா.”

“யார் தூக்கினார்கள்?”

“நானேதான்.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவனுக்கும் ஒரு டம்ளர் காப்பி எடுத்துவர உள்ளே சென்றார்.